இருபத்திரண்டாம் பக்கத்து வறட்சி

அத்தியாயம் 4

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் கோழை, அதில் ஐயமில்லை. கோழையாக இருப்பது போதாதென்று தன் ஆங்கிலப் புலமையையும் அதில் காட்ட முற்படுகிறவன் கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்கிறான். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, பொய்ச்சாட்சிகளின் மூச்சிரைப்பைக்கூட மொழிபெயர்க்கப் பழகி, விருப்ப ஓய்வு பெற்றபின் தெற்கு வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்த ஜெயபாரதியின் முடிவு அது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மேசைமேல் அப்படிப்பட்ட கடிதம் ஒன்று கிடந்தது. பெயரில்லாத முகவரியிலிருந்து அயர்லாந்தின் மருத்துவமனை ஒன்றுக்குப் போன மின்னஞ்சல். அதன் அச்சுப் பிரதி. எதிரே உட்கார்ந்திருந்த வானதி அதைப் பார்க்காமலிருக்கப் பெருமுயற்சி செய்துகொண்டிருந்தாள்.

வானதி செவிலி. பூதலூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் விளைவிக்கும் வீரையனின் மகள். ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, அந்த அயர்லாந்து மருத்துவமனையின் நியமனக் கடிதத்தையும் பெற்று, ஐந்து ஆண்டுகள் பார்த்த உள்ளூர் வேலையை விட்டுவிட்டாள். விமானத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் இந்த மின்னஞ்சல் புகுந்தது. சென்ற வியாழக்கிழமை மருத்துவமனை அவளுக்கு எழுதியது: ‘உங்கள் நியமனத்தை நிறுத்தி வைத்துள்ளோம். குற்றச்சாட்டு பொய் என்பதைச் செவ்வாய் மாலைக்குள் நிறுவவும். தவறினால் நியமனம் ரத்தாகும். செவிலியர் பதிவு மன்றத்துக்கும் தெரிவிக்கப்படும்.’

“மன்றத்துக்குப் போயிட்டா அந்த நாட்டுல எந்த ஆஸ்பத்திரியும் என்னை உள்ள விடாது மேடம்,” என்றாள் வானதி. “இங்க விட்ட வேலைக்கும் வேற ஆள் வந்தாச்சு.”

“தெரியும். அழணும்னா புதன்கிழமை அழலாம். இன்னைக்கு வேலை இருக்கு,” என்றார் ஜெயபாரதி. “ஷஹ்பாஸ், படி. ஒவ்வொரு வரியா.”

உதவியாளன் ஷஹ்பாஸ் கடிதத்தைக் கையில் எடுத்தான். முப்பது வயது. வாயை மூடி வைத்திருக்கக் கற்றுக்கொள்ளாதவன். ஆனால் ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்றவன். அந்த ஒரு காரணத்துக்காகவே ஜெயபாரதி அவன் வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

“முதல் வரி சுத்தமா இருக்கு மேடம். ‘இந்தப் பெண்ணுக்குப் பதிலாக வேறொருத்தி ஆங்கிலத் தேர்வை எழுதினாள்.’ ஆஸ்பத்திரி பயந்தது இந்த ஒரு வரிக்குத்தான். அதுக்கப்புறம்தான் அய்யா புலவராயிட்டார். ‘இவள் தன் மதிப்பெண்ணை டெக்கோரத்தால் பெற்றாள்.’”

“டெக்கோரம்னா என்ன?”

“பண்பான நடத்தை. பண்பா நடந்து மார்க் வாங்கிட்டாள்னு புகார்! இவ்வளவு மரியாதையான மொட்டைக் கடுதாசியை நான் பார்த்ததேயில்ல.”

“அடுத்தது.”

“‘இவளிடம் சிறிதும் டெலூஜ் கிடையாது.’ டெலூஜ்னா பெருவெள்ளம். வானதிகிட்ட வெள்ளம் இல்லையாம். பொதுப்பணித் துறைக்குப் போடவேண்டியதை ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டான். அப்புறம், ‘இவள்மீது புகார்கள் டிவோஷன்போல் வந்து குவிகின்றன.’ பக்திபோல! ‘உங்கள் மருத்துவமனைமீது எனக்குள்ள டிலிஜென்ஸால் இதை எழுதுகிறேன்.’ டிலிஜென்ஸ் விடாமுயற்சி. கடைசி வரியைக் கேளுங்க: ‘என் ட்ரவுட்டினால்தான் இந்த உண்மை வெளிவந்தது.’ என் வறட்சியினால்! மூளை வறட்சின்னு முழுசா எழுதியிருந்தா கையெழுத்தே தேவைப்பட்டிருக்காது.”

ஜெயபாரதி சிரிக்கவில்லை. பொருள் தெரியாத சொல்லைப் பயன்படுத்துகிறவனை அவர் மன்னித்ததில்லை. பிறர் செருப்பைத் திருடி மாட்டிக்கொண்டு, அதையும் கால் மாற்றி மாட்டிக்கொண்டு நடக்கிறவனிடம் என்ன தயவு?

“பைத்தியக்காரன் எழுதினதுன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட முடியாதா மேடம்?” என்றாள் வானதி.

“பைத்தியம் சிதறி எழுதும். இது சிதறலை. தப்புலேயும் ஒரு ஒழுங்கு இருக்கு. இந்த அஞ்சு சொல்லையும் நீ முன்னாடி எங்கேயாவது சேர்த்துப் பார்த்திருக்கியா?”

வானதி யோசித்தாள். பிறகு தன் பையைத் துழாவி நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். ‘வெற்றி விளக்கு: மூவாயிரம் ஆங்கிலச் சொற்கள், தமிழ்ப் பொருளுடன்.’ மருத்துவக் கல்லூரிச் சாலையில் குணசேகரன் என்பவர் நடத்தும் ஆங்கிலப் பயிற்சி மையம் தன் மாணவர்களுக்குக் கொடுப்பது.

“அங்க நான் பதினோரு நாள்தான் போனேன். நைட் டூட்டி முடிஞ்சு போய் உக்காந்தா தலை சுத்தும். நின்னுட்டு நானாவே படிச்சேன். புத்தகம் மட்டும் கையில இருந்துச்சு.” புரட்டினாள். “இதோ. இருபத்திரண்டாம் பக்கம். அஞ்சும் இதுலயே இருக்கு.”

ஜெயபாரதி புத்தகத்தைக் கடிதத்தின் அருகில் வைத்தார். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் பொருள்கள். டிசீட்: வஞ்சகம். டெக்கோரம்: பண்பான நடத்தை. டெலூஜ்: பெருவெள்ளம். டிவோஷன்: பக்தி. டிலிஜென்ஸ்: விடாமுயற்சி. ட்ரவுட்: வறட்சி. கடிதத்தில் சொற்கள் வந்த வரிசையும் இதே வரிசை.

அவர் விரல் பக்கத்தின்மேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

“ஷஹ்பாஸ், டெக்கோரத்துக்கு மேல் வரியில என்ன பொருள் இருக்கு?”

“வஞ்சகம்.”

“அதைக் கடிதத்துல போடு.”

“‘மதிப்பெண்ணை வஞ்சகத்தால் பெற்றாள்.’” அவன் குரல் மாறியது. “டெலூஜுக்கு மேல இருக்கறது பண்பான நடத்தை. ‘இவளிடம் பண்பான நடத்தை கிடையாது.’ டிவோஷனுக்கு மேல பெருவெள்ளம். ‘புகார்கள் வெள்ளம்போல் வருகின்றன.’ பக்தியால் எழுதுகிறேன்... என் விடாமுயற்சியால் உண்மை வெளிவந்தது! மேடம், தபால்காரர் தெரு முழுக்க எல்லாக் கடுதாசியையும் ஒரு வீடு தள்ளிப் போட்டுட்டார்!”

“அப்போ இந்த ஆள் தப்பா எழுதலை. படிச்சதைச் சரியா எழுதியிருக்கான். அவன் படிச்ச பக்கத்துல பொருள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்திருக்கு.”

“ஆனா இந்தப் புத்தகத்துல எல்லாம் சரியா இருக்கே?” என்றாள் வானதி.

“அதனாலதான் நீ பிழைச்சே. இந்தப் புத்தகத்தைப் படிச்ச யாரும் இதை எழுதியிருக்க முடியாது. இறங்கிப்போன பக்கம் வேற எங்கேயோ இருக்கு.” ஜெயபாரதி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அச்சகத்தின் முகவரி கீழவாசல். “வண்டியை எடு, ஷஹ்பாஸ். வானதி, நீ உன் வண்டியில வா.”

◆

கீழவாசல் அச்சகத்தில் கணினியின்முன் உட்கார்ந்திருந்த பெண்மணியின் பெயர் ஜன்னத் பீவி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை முக்காட்டுக்குமேல் தூக்கி விட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை ஒன்றில் தாய்மாமன்களைத் தகுதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா,” என்றான் ஷஹ்பாஸ். “இந்தப் புத்தகம் நீங்க அடிச்சதா?”

“வஅலைக்கும் ஸலாம். ஆமா, போன வருஷம். ஏன், பைண்டிங் விட்டுப்போச்சா? அது எங்க பொறுப்பில்ல தம்பி.”

“பைண்டிங் நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஜெயபாரதி. “இருபத்திரண்டாம் பக்கம் முதல்ல எப்படி இருந்துச்சுன்னு கேக்க வந்தோம்.”

ஜன்னத் பீவியின் கை நின்றது. கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு, வந்தவர்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“யார் சொன்னா உங்களுக்கு? அதை நான் யார்கிட்டயும் சொல்லலையே!”

“யாரும் சொல்லலை. நீங்கதான் சொல்லணும்.”

“என் தப்புதான்மா. இருபத்தோராம் பக்கத்துக் கடைசிப் பொருளை இருபத்திரண்டாம் பக்கத்து உச்சியில மறுபடியும் ஒட்டிட்டேன். அதனால அந்தப் பக்கம் முழுக்க ஒவ்வொண்ணும் ஒரு வரி கீழ இறங்கி, கடைசிப் பொருள் விழுந்தே போச்சு. அப்படியே ப்ரூஃப் எடுத்து அனுப்பிட்டேன். ஒரு வாரம் கழிச்சு போன் வந்துச்சு: ‘முழுக்கப் படிச்சாச்சு, ஒரு தப்புமில்ல, அடிச்சிடுங்க.’”

“ஒரு பக்கமே தலைகீழா இருந்தும் ஒரு தப்புமில்லையா?”

“அப்படித்தான் சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. எழுத்தைப் பார்த்து அடிப்பேன், அவ்வளவுதான். ஆனா மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். ட்ரவுட்டுக்கு நேரா ‘விடாமுயற்சி’ன்னு இருக்கு! அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியுமே. ஆத்துல தண்ணி வராத வருஷமெல்லாம் நிவாரண மனுவும் பயிர் இன்ஷூரன்ஸ் ஃபாரமும் இங்கதானே அடிக்கிறாங்க. எத்தனை ஆயிரம் தடவை அந்த வார்த்தையை அடிச்சிருப்பேன்? காய்ஞ்ச வயலுக்குப் பேரு விடாமுயற்சியா? கை நின்னுடுச்சு. மேல போய்ப் பார்த்தா எல்லாமே இறங்கிக் கிடக்கு. ஏத்தி வச்சு அடிச்சேன். வெளிய சொன்னா என்னைத்தானே ஏசுவாங்க.”

ஜெயபாரதி அந்தப் பெண்மணியை வேறு கண்ணோடு பார்த்தார். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையே காப்பாற்றியவர். மூவாயிரம் சொற்களை விற்கிறவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

“அந்த ப்ரூஃப் எத்தனை பிரதி?”

“ஒண்ணே ஒண்ணு. ஸ்பைரல் போட்டுக் கேட்டாங்க, போட்டுக் கொடுத்தேன். திரும்பி வரவேயில்ல.”

“போன்ல ‘தப்பில்ல’ன்னு சொன்னது யாரு?”

“அங்க வேலை பார்க்கிற டீச்சரம்மா. பர்வின்னு பேரு.”

வெளியே வந்ததும் வானதி மறுத்தாள். “பர்வின் மிஸ் இருக்காது மேடம். நான் நின்னதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமையில போன் பண்ணி என்னைப் பேசிப் பழக்கினவங்க அவங்கதான். அவங்களும் வெளிநாட்டுக்கு ரெண்டு தடவை முயற்சி பண்ணினாங்க, கிடைக்கலை. நான் பாஸானப்போ என்னைவிட அதிகமா சந்தோஷப்பட்டாங்க.”

“ரெண்டு தடவை கிடைக்கலையா?” ஷஹ்பாஸ் இழுத்தான். “சந்தோஷத்துக்கு உள்ளே என்ன இருந்துச்சுன்னு யாரு கண்டா?”

“போய்ப் பார்த்தா நாம காண்போம்,” என்றார் ஜெயபாரதி.

◆

மருத்துவக் கல்லூரிச் சாலையில் அந்தப் பயிற்சி மையம் இரண்டாம் மாடியில் இருந்தது. கட்டடத்தின் நெற்றியில் பெரிய இரும்புச் சட்டம் ஒன்று வெறுமையாக நின்றது.

ஜெயபாரதி அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

“அங்கதான் என் போட்டோவை ஃப்ளெக்ஸ் அடிச்சு மாட்டியிருந்தாங்க,” என்றாள் வானதி. “‘எங்கள் மாணவி அயர்லாந்து செல்கிறார்’னு. ஆஸ்பத்திரி பேரைக்கூடப் போட்டிருந்தாங்க. ஆர்டர் காப்பியை வாழ்த்துறதுக்குன்னு சொல்லி வாங்கிட்டு, ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டாங்க. எடுங்கன்னு நாலு தடவை கேட்டேன். எடுக்கலை.”

“இப்போ எடுத்திருக்காங்களே!”

கீழே உபைதுல்லாவின் டீக்கடை. வெயிலுக்கு முன்புறம் இழுத்துக் கட்டியிருந்த மறைப்பில் ஒரு பெண்ணின் முகம் தலைகீழாகத் தொங்கியது. வானதி தன்னைத்தானே அண்ணாந்து பார்த்தாள்.

“சிரிக்காதே ஷஹ்பாஸ்,” என்றார் ஜெயபாரதி.

“நான் எங்க மேடம் சிரிச்சேன்? போண்டாச் சட்டிக்குக் காவலா ஒரு நர்ஸ் இருக்கறது நல்லதுதானே.”

உபைதுல்லா மூன்று டீயை மேடையில் வைத்தார். “நம்ம குணசேகரன் சாரே கூப்பிட்டுக் கொடுத்தாருங்க. ‘இந்தப் பொண்ணு இனிமே நமக்கு வேணாம் பாய், உமக்குப் பயன்பட்டா வச்சுக்கும்’னாரு. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிட்டிருந்தேன், அவசரமா ஏணியைப் பிடிக்கச் சொன்னாரு.”

ஜெயபாரதி டீயைத் தொடவில்லை. ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அவிழ்க்கிறவர் ஒருவரும் கிடையாது. மாண்டவருக்கு அஞ்சலியும் மணமக்களுக்கு வாழ்த்தும் காற்று கிழிக்கும்வரை அடுத்தடுத்துத் தொங்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் ஏணி வைத்து ஏறி, தாம் பெருமையாகக் கட்டியதைத் தாமே இறக்கியிருக்கிறார்.

“வானதி, மின்னஞ்சல் என்னைக்குப் போயிருக்கு?”

“அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.”

“உனக்கே தெரிஞ்சது?”

“போன வியாழன்தான்.”

“நீ கெட்டுப்போகப் போறேன்னு உனக்கு ஆறு நாள் முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. வா, மேல போகலாம்.”

மாடிப்படியில் படிக்கு ஒரு வாசகம். முதல் வளைவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: ‘அன்று கற்ற ஐந்து சொல்லை அன்றே எழுதிப் பயன்படுத்து!’ ஷஹ்பாஸ் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “நல்ல மாணவன்தான் மேடம். வீட்டுப்பாடத்தை அயர்லாந்துக்கே அனுப்பிட்டான்,” என்றான்.

முதல் வகுப்பறையின் கதவு திறந்திருந்தது. இருபது பேர் உட்கார்ந்திருக்க, பர்வின் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். ஜெயபாரதி வாசலில் நின்று பலகையைப் படித்தார். டெலூஜ் என்ற சொல். அதற்கு நேரே ‘பெருவெள்ளம்’. அதன்கீழ், கொள்ளிடக் கரை உடைந்து வயல்களில் புகுந்த வெள்ளத்தைப் பற்றிய ஆங்கில வாக்கியம் ஒன்று. எழுவாயும் பயனிலையும் ஒழுங்காக இருந்தன. முற்றுப்புள்ளிகூட இருந்தது.

“இவங்க இல்லை,” என்று ஜெயபாரதி தணிந்த குரலில் சொன்னார்.

“பலகையை வச்சே சொல்லிட்டீங்களா?” என்றான் ஷஹ்பாஸ்.

“தினமும் சரியான பொருளை எழுதிக் காட்டுற கை, கடிதத்துல மட்டும் தப்பா எழுதாது. அந்த ஸ்பைரல் இவங்ககிட்ட இருந்ததே இல்லை. வானதி, நீ இங்கேயே இரு. கூப்பிட்டா வா.”

◆

குணசேகரனின் அறையில் குளிர்சாதனம் இருந்தது. புத்தகம் ஒன்றுகூட இல்லை. சுவரில் அவர் சால்வை வாங்கும் படங்கள் பதினான்கு. பெயர்ப்பலகையில் ‘டாக்டர்’ என்றிருந்தது. அந்தப் பட்டத்தை வழங்கியவர்களுக்கே அது இப்போது நினைவிருக்குமா என்பது சந்தேகம். எதிர் நாற்காலியில் திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, மகளின் சேர்க்கைப் படிவத்தோடு காத்திருந்தார்.

“வாங்க வாங்க, உக்காருங்க. அட்மிஷனா மேடம்?” என்றார் குணசேகரன்.

“இல்லை. உங்க வெற்றிக்கு என்ன காரணம்னு கேட்டுக்கிட்டுப் போக வந்தேன். இங்கிலீஷ்லேயே சொல்லுங்க. இவர் எழுதிக்குவார்.”

ஷஹ்பாஸ் குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை உதறி, பத்திரிகைக்காரனுக்குரிய பணிவோடு குனிந்தான். பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை. அவர்களைப் பத்திரிகைக்காரர்கள் என்று முடிவு செய்தவர் குணசேகரன். புகழ் தேடுகிறவனுக்குப் பேனா பிடித்தவனெல்லாம் நிருபன்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “ஒன்லி மை ட்ரவுட், மேடம்! டே அண்ட் நைட், ட்ரவுட்!”

ஷஹ்பாஸ் எழுதினான். அவன் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

“மாணவர்கள்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க?”

“டெலூஜ்! ஃபர்ஸ்ட் டெலூஜ், நெக்ஸ்ட் மார்க். டெலூஜ் இல்லாத ஸ்டூடண்டை இந்த வாசப்படியே மிதிக்க விடமாட்டேன்.”

“வெள்ளமும் வறட்சியும் ஒரே மாடியில,” என்று ஷஹ்பாஸ் எழுதியபடியே முணுமுணுத்தான். “கலெக்டருக்குத் தகவல் சொல்லணும் மேடம்.”

மஞ்சள் பைக்காரர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ட்ரவுட்டுன்னா வறட்சியில்லீங்களா? சம்பா காய்ஞ்ச வருஷம் நிவாரணத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அந்த வார்த்தை அப்படியே மனசுல நிக்குது.”

“அது உங்க ஊர் இங்கிலீஷ்யா,” என்றார் குணசேகரன். “இது ஹை லெவல். விடாமுயற்சின்னு அர்த்தம். உங்க பொண்ணு இங்க படிச்சா உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.”

அந்த விவசாயி தலையைக் குனிந்துகொண்டார். தாம் அறிந்ததைத் தாமே ஐயுறும் குனிவு அது. ஜெயபாரதியின் முகம் அதைக் கண்டுதான் இறுகியது. தெரியாதவன் தெரிந்தவனைத் தலைகுனிய வைக்கும் காட்சியை அவர் நீதிமன்றத்தில் போதுமான அளவு பார்த்திருந்தார்.

“ஐயா, நீங்க சொன்னதுதான் சரி,” என்றார் அவர், விவசாயியின் பக்கம் திரும்பி. “வறட்சிதான். உலகம் முழுக்க வறட்சிதான். விடாமுயற்சின்னு ஒரே ஒரு தாள்ல மட்டும் போட்டிருக்கு. அந்தத் தாள் இந்த மேசைக்குள்ள இருக்கு.”

குணசேகரனின் கை தானாகவே இழுப்பறையின் பிடியைப் பற்றியது. திறப்பதற்காக அன்று, மூடியே இருக்க வேண்டும் என்பதற்காக.

“நீங்க யாரு?”

“ஜெயபாரதி. வானதிக்காக வந்திருக்கேன். ஷஹ்பாஸ், பர்வின் டீச்சரைக் கூப்பிடு. வானதியையும்.”

இருவரும் வந்தார்கள். ஜெயபாரதி பர்வினிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “புத்தகத்தோட ப்ரூஃபை நீங்க படிச்சீங்களா?”

பர்வின் முதலாளியைப் பார்த்தார். பிறகு வானதியைப் பார்த்தார். “நான் கண்ணாலகூடப் பார்க்கலை மேடம். சார்தான் படிச்சுட்டேன்னு சொன்னாங்க. போன் பண்ணி ஓகே சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அச்சான புத்தகத்தை வச்சுத்தான் நாங்க நடத்தறோம். சார் அந்த ஸ்பைரலைத்தான் வச்சிருக்காங்க. தினம் காலையில கதவைச் சாத்திக்கிட்டு அஞ்சு வார்த்தை.”

“இவர் பேசுறதை இத்தனை நாளா நீங்கல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். போன வாரம் ஸ்டாஃப் மீட்டிங்குல, ‘உங்க எல்லாருக்கும் டெலூஜ் வேணும்’னாங்க. திருத்தினா வேலை போயிடும் மேடம்.”

“இழுப்பறையைத் திறங்க,” என்றார் ஜெயபாரதி.

“எதுக்குத் திறக்கணும்? போலீஸா நீங்க?”

“இல்லை. போலீஸ் வரணும்னா வரும். அப்போ கீழே உபைதுல்லா பாய் எந்த வெள்ளிக்கிழமை ஏணியைப் பிடிச்சார்னு அவங்களும் கேப்பாங்க. மறுநாள் போகப்போற மின்னஞ்சலுக்கு முதல் நாளே ஃப்ளெக்ஸை இறக்கின காரணத்தையும் கேப்பாங்க. உங்க போனையும் வாங்கிப் பார்ப்பாங்க. எது வசதி?”

குளிர்சாதன அறையில் குணசேகரனுக்கு வியர்த்தது. இழுப்பறை திறந்தது.

ஸ்பைரல் பிரதி நன்றாகப் பழகிப்போய், ஓரங்கள் சுருண்டிருந்தன. ஷஹ்பாஸ் இருபத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்தான். எல்லாப் பொருளும் ஒரு வரி கீழே. டெக்கோரம் முதல் ட்ரவுட் வரை ஐந்து சொற்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஐந்து குறிகள். ஓரத்தில், கற்ற நாளின் தேதி எழுதப்பட்டிருந்தது. மின்னஞ்சல் போன சனிக்கிழமைத் தேதி.

“கற்ற அஞ்சு சொல்லை அன்னைக்கே பயன்படுத்திட்டீங்க,” என்றான் ஷஹ்பாஸ். “சுவத்துல எழுதினதைக் கடைப்பிடிக்கிற முதலாளி தஞ்சாவூர்ல நீங்க ஒருத்தர்தான் சார்.”

“ஏன் சார்?” என்றாள் வானதி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. “நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?”

“என்ன பண்ணினியா?” குணசேகரன் சீறினார். “கேபிள்ல பேட்டி எடுத்தப்போ என்ன சொன்னே? ‘அங்க பதினோரு நாள்தான் போனேன், மத்ததெல்லாம் நானாப் படிச்சது’ன்னு ஊருக்கே சொன்னே. மறுநாள் மூணு வீட்டுல இங்க சேர்த்த பசங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. என்னால பாஸாகலைன்னா நீ திருட்டுத்தனமாத்தான் பாஸாகியிருக்கணும்!”

அவர் அதை நம்பியும் இருந்தார். அதுதான் அருவருப்பாக இருந்தது. தம்மிடம் கல்லாத ஒருத்தி கற்றுவிடலாம் என்பது அந்த மனிதரின் மூவாயிரம் சொற்களில் எங்கும் அடங்கவில்லை.

ஜெயபாரதி வெள்ளைத்தாள் ஒன்றை அவர் முன் நகர்த்தினார். “எழுதுங்க. அந்த மின்னஞ்சலை அனுப்பினது நீங்கன்னும், அதுல சொன்னது பொய்யின்னும். கையெழுத்துப் போட்டு, முத்திரை வச்சு, அதே முகவரியிலிருந்து அனுப்பணும். நகல் வானதிக்கு. இந்தப் பக்கத்தோட படமும் கூடவே போகும்.”

குணசேகரன் பேனாவை எடுத்தார். எடுத்தவருக்கு வழக்கம் தலைதூக்கியது. “கொஞ்சம் நல்ல வேர்ட்ஸா போட்டு...”

“வேண்டாம். உங்களுக்குப் பொருள் தெரிஞ்ச சொல் மட்டும் போதும்.”

கடிதம் மூன்று வரியில் முடிந்துவிட்டது.

வானதி அதை இரண்டுமுறை படித்துவிட்டுத் தலையசைத்தாள். பிற்பகல் மூன்றே காலுக்கு மின்னஞ்சல் போயிற்று. மஞ்சள் பைக்காரர் சேர்க்கைப் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் பர்வினைக் கண்டு நின்று, “டீச்சரம்மா, நீங்க எங்கயாவது தனியா நடத்தினா சொல்லியனுப்புங்க. பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான்கே முக்காலுக்கு வானதியின் கைப்பேசி ஒலித்தது. அவள் படித்தாள், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நியமனம் உறுதி. பதிவு மன்றத்துக்குப் புகார் போகாது. குறித்த தேதியில் வந்து சேரவும்.

“சொன்னேனே, புதன்கிழமைதான் அழணும்னு,” என்றார் ஜெயபாரதி. ஆனால் தம் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

“சாருக்கும் ஒரு வரி இருக்கு மேடம்,” என்று ஷஹ்பாஸ் கைப்பேசியை எட்டிப் பார்த்தான். “‘திரு. குணசேகரனின் கேண்டருக்கு நன்றி; எனினும் எங்கள் வழக்கறிஞர் அவருக்குத் தனியே எழுதுவார்.’”

குணசேகரன் நிமிர்ந்தார். கேண்டர். அது வசையா, வாழ்த்தா, வழக்கின் பெயரா? கேட்க வாய் வரவில்லை. ஒளிவுமறைவற்ற நேர்மை என்ற அதன் பொருள் அறையில் இருந்த மற்ற நால்வருக்கும் தெரியும் என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் கை பழக்க தோஷத்தால் இழுப்பறைக்குள் போய்த் துழாவியது.

ஸ்பைரல் பிரதி அங்கே இல்லை. அது சான்றாக ஷஹ்பாஸின் பைக்குள், இருபத்திரண்டாம் பக்கத்தில் முனை மடித்து, பத்திரமாகப் படியிறங்கக் காத்திருந்தது.